வீராயியிடம் கொட்டிய பைகள்

செய்தி எனக்குப் பெஞ்சுச் சத்தமாகத்தான் வந்தது. காலையில் என் கிளினிக்கில் ஒரு குழந்தையின் தொண்டையை டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே காத்திருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து போகிற சத்தம் கேட்டது. குழந்தையின் அம்மாவும் காதில் எதுவோ விழுந்து, "இருங்க டாக்டர், வந்துர்றேன்" என்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். எட்டிப் பார்த்தால் பெஞ்சுகள் காலி. ஒரு பெஞ்சின் மேல் யாரோ விட்டுப்போன மஞ்சள் பை மட்டும் இருந்தது. நர்ஸ் கஸ்தூரி வாசற்படியில் நின்று புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"எதுத்த டாக்டரம்மா தவறிட்டாகம்மா. காலைல பசுமலை வீட்டுல நெஞ்சு வலிக்குதுன்னு உக்காந்தவுகதானாம்" என்றாள்.

தெருவின் எதிர்ப் பக்கத்தில் டாக்டர் வீராயியின் கிளினிக் ஷட்டர் பூட்டிக் கிடந்தது. அதன் முன்னால் என் நோயாளிகள் அத்தனை பேரும் நின்றுகொண்டிருந்தார்கள். உள்ளே யாரும் இல்லை, உடல் பசுமலையில் இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும். இருந்தாலும் அந்தப் பூட்டைப் பார்த்தபடி நின்றார்கள். என்னிடம் வைத்தியத்துக்கு வந்தவர்கள். எனக்கு முதலில் அழுகை வரவில்லை. போகும்போதும் என் கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு போகிறாளே என்றுதான் தோன்றியது. அழுகை அதற்கு அப்புறம் வந்தது.

நம் மருத்துவர் சங்க இதழுக்கு நான்தான் அஞ்சலி எழுதவேண்டும் என்று கேட்டார்கள். வேறு யாரையாவது கேளுங்கள் என்றேன். "நீங்கதானே இவ்வளவு காலம் பக்கத்துல இருந்தவங்க" என்றார்கள். பக்கத்தில் இருந்ததால்தான் அப்படிச் சொன்னேன். தூரத்தில் இருந்தவர்களுக்கு வீராயியைப் புகழ்வது சுலபம். அவளை அறிந்த உங்களில் பலருக்கு என்னையும் தெரியும், ஆகவே மூடி மறைத்துப் பிரயோஜனம் இல்லை. இருபது வருஷத்துக்கு மேலாக எனக்கு அவள்மேல் பொறாமை. இதை எழுதும்போதும் இருக்கிறது. 'அவர்' போட்டு எழுதினால் மேலே இருந்து சிரிப்பாள் என்பதால், படிக்கிற காலத்தில் கூப்பிட்டபடியே 'அவள்' என்று எழுதுகிறேன்.

நாங்கள் ஒரே வருஷம் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தவர்கள். அவளுக்கு எழுமலைப் பக்கம். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் காட்டில் கூலிக்குப் போய் அவளைப் படிக்கவைத்தார்கள். எனக்கு மதுரை மகாலுக்குப் பக்கத்தில் சௌராஷ்டிரக் குடும்பம். அப்பா சாயப் பட்டறை வைத்திருந்தார். வாசலுக்கு வெளியே தமிழ், உள்ளே எங்கள் பாஷை. மருந்தியல் பரீட்சையில் நான்தான் முதலில் வருவேன் என்று வீட்டில் சொல்லிவைத்திருந்தேன். வீராயி முதலில் வந்தாள், நான் இரண்டாவது. ஒரு கூலிக்காரர் மகள் முதலில் வந்தாள் என்று வகுப்பே கை தட்டியது. நானும் தட்டினேன், சத்தம் வராமல். கண் எரிய எரிய நானும்தானே படித்தேன், எனக்கு யார் தட்டினார்கள்?

படிப்பு முடிந்து எங்கள் தெருவிலேயே கிளினிக் திறந்தேன். எண்பதுகளின் கடைசியில் ஒரு நாள் எதிர்க் கட்டடத்தில் வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள். யார் வருகிறார்கள் என்று விசாரித்தால், வீராயி. நேராகப் போய், "மதுரையில வேற இடமே கிடைக்கலையா உனக்கு?" என்று கேட்டேன்.

"கிடைச்சுச்சு. ஆனா எனக்குச் சந்தேகம் வந்தா யாருகிட்ட ஓடியாந்து கேக்குறது? நீ இங்கதான இருக்க" என்றாள்.

நான் அதைக் கேலி என்று எடுத்துக்கொண்டேன். முதலில் வந்தவளுக்கு இரண்டாவதாக வந்தவளிடம் என்ன சந்தேகம்?

என் சனங்கள் அவளிடம் போகமாட்டார்கள் என்ற தைரியம் எனக்கு இருந்தது. பாஷை தெரிந்த டாக்டர் நான் ஒருத்திதான். வீராயி சும்மா இருக்கவில்லை. வருகிற கிழவிகளிடமே வார்த்தை வார்த்தையாகக் கேட்டுப் பிடித்துக்கொண்டாள். இலக்கணம் எல்லாம் தப்பு. ஆனால் மெதுவாகப் பேசுவாள். நான் பிறந்ததிலிருந்து பேசுகிறவள் என்பதால் கடகடவென்று பேசுவேன். கிழவிகளுக்கு அவள் பேசுவதுதான் காதில் ஏறியது. என் பாஷையில் என் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போனவளைப் பற்றி எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

அவளுடைய தட்டைப் பற்றி இங்கே சொல்லவேண்டும். பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மேஜைமேல் பெரிய எவர்சில்வர் தாம்பாளம் ஒன்று இருக்கும். புது நோயாளி யார் வந்தாலும் நாடி பிடிப்பதற்கு முன்னால், "பையைக் கொட்டுங்க" என்பாள். வீட்டில் இருக்கிற மருந்து எல்லாவற்றையும் அள்ளிப் போட்டுக்கொண்டு வரவேண்டும். ஜவுளிக் கடை மஞ்சள் பையில்தான் பெரும்பாலும் வரும். பாதி தீர்ந்த அட்டைகள், காகிதத்தில் மடித்த சில்லறை மாத்திரைகள், மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய வலி மாத்திரை, நாட்டு மருந்துக் கடைச் சூரணம், மருமகளுக்குக் கொடுத்ததில் மிச்சம், எல்லாம் தட்டில் விழும். அவள் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து இரண்டு பக்கமாகப் பிரிப்பாள். ஒரு பக்கம் சேர்ந்து இருக்கலாம், மறு பக்கம் சேர்ந்து இருக்கக் கூடாது.

ஆனையூரிலிருந்து ஒருவர் வந்துகொண்டிருந்தார். இதய வால்வு ஆபரேஷன் ஆனவர், ரத்தம் உறையாமல் இருக்க தினமும் மாத்திரை போடுகிறவர். அவரை நானும் பார்த்திருக்கிறேன். வேறு மருந்து சாப்பிடுகிறீர்களா என்று கேட்டேன், இல்லை என்றார். வீராயி கேட்டது வேறு மாதிரி. "மூட்டு வலிக்கு என்ன போடுறீங்கண்ணே? தூக்கம் வரலைன்னா என்ன போடுறீங்க? வயித்துக்கு?" என்று ஒவ்வொரு உறுப்பாகக் கேட்டாள். மூட்டு என்றதும் அவர் சட்டைப் பையிலிருந்தே ஒரு அட்டையை எடுத்தார். பஸ் ஸ்டாண்டில் வாங்கியதாம், தினமும் போடுகிறாராம். ரத்தத்தை இளக்குகிற மாத்திரையோடு அந்த வலி மாத்திரையும் சேர்ந்தால் வயிற்றுக்குள் ரத்தம் கசியும், நிற்காது. மலம் கறுப்பாகப் போகிறதா என்று கேட்டாள். போகிறது என்றார். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாள்.

அதை என்னிடம் சொல்லும்போது அவளுக்குப் பெருமையே இல்லை. அதுவும் எனக்கு எரிச்சல்தான். "மருந்துன்னு கேட்டா இல்லம்பாக பத்மா. வாயில போடுறது எல்லாத்தையும் கேக்கணும்" என்றாள். இன்னொன்றும் அடிக்கடி சொல்வாள்: "மாத்திரை ஒண்ணொண்ணும் நல்லதுதான். ஒரே வயித்துக்குள்ள போயி உக்காரும்போதுதான் சண்டை." அஞ்சாவதாக ஒரு மருந்து எழுதுவதற்கு முன்னால் ஏற்கெனவே உள்ள நாலில் எதை நிறுத்தலாம் என்று பார்ப்பது அவள் வழக்கம்.

நானும் ஒரு தட்டு வாங்கினேன். அவளுடையதைவிடப் பெரியது. என்னிடம் யாரும் கொட்டவில்லை. பையோடு வருவார்கள், மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். கேட்டால், "அதுல ஒண்ணும் இல்ல டாக்டர், மார்க்கெட்டுக்குப் போற பை" என்பார்கள். உள்ளே அட்டைகள் சரசரக்கும். அது வீராயி எழுதிக்கொடுத்த மாத்திரை என்று எனக்குத் தெரியும். அவர்களிடம் இருந்தது நோயும் மருந்தும் மட்டும் இல்லை, எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட பயமும் இருந்தது. அங்கே போனது இவளுக்குத் தெரிந்தால் கோபித்துக்கொள்வாள் என்ற பயம்.

அந்தப் பயம் என் வீட்டுக்குள்ளேயே இருந்தது எனக்குத் தெரியாது.

அப்பாவுக்குச் சாயப் பட்டறைப் புகையிலேயே இருந்து இருந்து வீசிங் வந்திருந்தது. வாயில் வைத்து இழுக்கிற பம்பு வாங்கிக் கொடுத்தேன். தொண்ணூறுகளின் நடுவில் அந்தப் பம்பு என்றால் சனங்களுக்கு ஒரு கூச்சம். அதை எடுத்தால் ஆள் முடிந்தான் என்று நினைப்பார்கள். தெருவே பார்க்க அதை வாயில் வைக்கமாட்டேன் என்று அப்பா அடம்பிடித்தார். நான் திட்டினேன். கொஞ்ச நாளில் பம்பு இல்லாமலே அவருக்கு மூச்சு நன்றாக இருந்தது. என் திட்டுக்குப் பயந்து ரகசியமாக இழுக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு அவருக்குச் சிறுநீரில் கிருமி வந்து குளிர் காய்ச்சல் அடித்தது. சிப்ரோஃப்ளாக்சசின் கொடுத்தேன். அன்றைக்கு எல்லாரும் நம்பிக் கொடுத்த மருந்து, நல்ல மருந்து. காய்ச்சல் இறங்கியது. ஆனால் இரண்டு நாளில் அப்பாவுக்குக் கை நடுங்கியது. குடித்த கஞ்சி நிற்கவில்லை. நெஞ்சு படபடவென்று அடித்தது, கண்ணை மூடவே முடியவில்லை. கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது என்று முடிவு செய்தேன். அதே மருந்தை இன்னும் கூடுதலாக நரம்பில் ஏற்றுவதற்குப் பாட்டிலை எடுத்து வைத்துவிட்டேன். மத்தியான நேரம். அப்பா என் கையைப் பிடித்து எங்கள் பாஷையில், "வீராயியைக் கூப்பிடு" என்றார்.

பெற்ற மகள், டாக்டர், பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். அவர் கேட்டது வீராயியை. என் வாழ்க்கையில் அந்த ஒரு வாக்கியம் அளவுக்கு என்னைச் சுட்டது வேறு இல்லை. இருந்தாலும் கஸ்தூரியை அனுப்பினேன்.

வீராயி சாப்பிட்ட கையைக்கூடச் சரியாகத் துடைக்காமல் ஓடி வந்தாள். நாடியைப் பிடித்தாள், நான் எடுத்து வைத்த பாட்டிலைப் பார்த்தாள். "பத்மா, அத ஏத்திறாத" என்றாள். அப்புறம் அப்பா பக்கம் குனிந்தாள். "அப்பா, நான் குடுத்த மாத்திரைய எங்க வச்சிருக்கீங்க?"

அப்பா பெருமாள் படத்தைக் காட்டினார். படத்துக்குப் பின்னால் கை விட்டால் அட்டை அட்டையாகத் தியோபிலின். வீசிங்குக்கான மாத்திரை. பம்புக்குக் கூச்சப்பட்டு அவர் வீராயியிடம் போயிருக்கிறார். எதுவும் எடுக்காமல் இருப்பதற்கு இது மேல் என்று அவள் கொடுத்திருக்கிறாள். அதுவும் நல்ல மருந்துதான். ஆனால் சிப்ரோஃப்ளாக்சசின் உடம்பில் இருக்கும்போது தியோபிலின் சீக்கிரம் கழிந்து போகாது, உள்ளேயே தேங்கும். தேங்கினால் அளவாகப் போட்ட மாத்திரையே விஷம். அது தெரியாமல் நான் இன்னும் ஏற்றியிருந்தால் வலிப்பு வந்திருக்கும், இதயம் நின்றும் போயிருக்கும்.

"பத்மாகிட்டச் சொல்லிருங்கன்னு சொன்னேன்லப்பா" என்றாள் வீராயி.

"எப்படிம்மா சொல்றது? உங்கிட்ட வாங்குனேன்னா ஒரு வாரத்துக்கு அவ மூஞ்சி நல்லா இருக்காது" என்றார் அப்பா. அந்த நிலைமையிலும் அதைத் தெளிவாகச் சொன்னார்.

இரண்டு மருந்தையும் நிறுத்தினோம். ஆட்டோவில் வீராயிதான் அப்பாவைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு வந்தாள். ஆஸ்பத்திரியில் இதயத் துடிப்பு அடங்கும்வரை இருவரும் வராந்தாவில் நின்றோம். அடங்கிவிட்டது, பிழைத்துக்கொள்வார் என்று தெரிந்ததும் நான் அவள்மேல் பாய்ந்தேன். என் அப்பாவுக்கு மருந்து கொடுத்துவிட்டு எனக்கு ஒரு போன் பண்ணக்கூடாதா என்று கேட்டேன்.

"பண்ணியிருக்கணும். நீ கோவிச்சுக்குவேன்னு பண்ணல. உங்கப்பா சொல்லாததும் அதுக்குத்தான்" என்றாள். பிறகு, "நோயாளி பொய் சொல்றதில்ல பத்மா. நம்ம மூஞ்சியப் பாத்துட்டுச் சொல்றத நிறுத்திக்கிறாக" என்றாள்.

தப்பு என்னுடையதுதான் என்று அன்று நான் ஒத்துக்கொள்ளவில்லை, இன்றும் முழுசாக ஒத்துக்கொள்ளமாட்டேன். படத்துக்குப் பின்னால் ஒளித்தவர் அப்பா. போன் பண்ணாதவள் அவள். மூஞ்சி மட்டும்தான் என்னுடையது. அப்பா வீடு திரும்பியதும் முதல் வேலையாக எதிர்க் கிளினிக்குக்குப் போய்க் கும்பிட்டுவிட்டு வந்தார். வந்து என்னிடம் காபி கேட்டார்.

இதற்குச் சில வாரம் கழித்து வீராயி செய்த காரியத்தை எங்கள் தெருவில் இன்றும் சொல்வார்கள். என் கிளினிக்கில் நல்ல கூட்டம். வீராயி ஒரு மஞ்சள் பையோடு வந்து கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்தாள். "டாக்டரம்மா, நீங்க உள்ள போங்க" என்று எல்லாரும் எழுந்தார்கள். "நான் இங்க டாக்டர் இல்ல, சீக்காளி. வரிசைல வாரேன்" என்று உட்கார்ந்துகொண்டாள். அவள் முறை வந்ததும் கதவைச் சாத்தவிடாமல் உள்ளே வந்து, என் பெரிய தட்டில் பையைக் கவிழ்த்தாள். அந்தத் தட்டில் முதன்முதலாக விழுந்த பை அதுதான்.

ரத்த அழுத்த மாத்திரை, நீர் போகிற மாத்திரை, சர்க்கரை மாத்திரை. கூடவே முழங்கால் வலிக்குத் தானே வாங்கிய வலி மாத்திரை. எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அழுத்த மாத்திரையும் நீர் மாத்திரையும் போட்டுக்கிட்டு இதையும் போடுறியே, கிட்னி என்னத்துக்கு ஆகும்? ஊருக்கெல்லாம் சொல்லத் தெரியுதுல்ல?" என்று சத்தம் போட்டேன்.

"அதுக்குத்தான உங்கிட்ட வந்தேன். அடுத்தவுக பையைத்தான் எனக்குப் பாக்கத் தெரியும்" என்றாள், வெளியே கேட்கும்படியாக.

அந்த வலி மாத்திரையை அவள் நிஜமாகவே சாப்பிட்டாளா, நான் கண்டுபிடிப்பதற்காகப் பையில் போட்டுக்கொண்டு வந்தாளா என்று எனக்குச் சந்தேகம். பலமுறை கேட்டேன், சிரித்தாளே தவிரச் சொல்லவில்லை. அடுத்த நாளிலிருந்து என் தட்டிலும் பைகள் விழ ஆரம்பித்தன. எதிர்க் கிளினிக் டாக்டரே கொட்டுகிற இடத்தில் நாம் கொட்டினால் என்ன என்று நினைத்திருப்பார்கள். எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் என்னிடம் வந்த ஒவ்வொரு பையும் அவள் கைகாட்டி அனுப்பிய பை என்பது உறுத்திக்கொண்டே இருந்தது. அப்படியும் சிலர் கடைசிவரை கொட்டவில்லை. எங்கள் தெரு ருக்மணியம்மாள் அதில் ஒருவர். சர்க்கரைக்கு என்னிடம், இதயத்துக்கு வீராயியிடம். அவர் பை மடியை விட்டு இறங்காது. வீராயி கிளினிக் இருந்தவரை அதனால் ஆபத்து இல்லை. நான் கொடுப்பதை அவர் அங்கே கொண்டுபோய்க் காட்டிவிடுவார். அங்கே கொடுப்பதை இங்கே காட்டமாட்டார்.

பசுமலையில் அவள் வீட்டு வாசலில் நின்ற கூட்டத்தை நீங்களும் பார்த்தீர்கள். எழுமலையிலிருந்து வந்த பெண்கள் ஒரு பக்கம் மாரடித்து அழுதார்கள், எங்கள் தெருக் கிழவிகள் இன்னொரு பக்கம் எங்கள் பாஷையில் அழுதார்கள். எனக்கு இவ்வளவு பேர் வருவார்களா என்று ஒரு கணக்கு மனசுக்குள் ஓடியது. அவள் முகத்தைப் பார்த்ததும் அது நின்றது.

காரியமெல்லாம் முடிந்தபின் ருக்மணியம்மாள் என் கிளினிக்குக்கு வந்தார். செய்தி வந்த அன்று பெஞ்சில் விட்டுப்போன மஞ்சள் பை அவருடையதுதான். கஸ்தூரி எடுத்துக் கொடுத்தாள். வாங்கி மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். இத்தனை நாள் மாத்திரை போடாததில் கால் வீங்கியிருந்தது, மூச்சு வாங்கியது. ஏதாவது எழுதவேண்டும். பையில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் நான் எழுத முடியாது. அதைப் பார்த்துத் திருத்த இனி எதிரே ஆள் கிடையாது.

அதட்டிக் கேட்கத்தான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு. மெதுவாக, எங்கள் பாஷையில், "வீராயி குடுத்தது சரியாத்தான் இருக்கும்மா. அதைப் பாக்காம நான் குடுத்தா தப்பாப் போயிரும். காட்டுங்க" என்றேன். அவள் உயிரோடு இருந்தவரை என் வாயில் ஒருமுறைகூட வராத வாக்கியம்.

ருக்மணியம்மாள் என்னையே பார்த்தார். அப்புறம் பையைத் தட்டில் கவிழ்த்தார். "அவளும் உன்னைப் பத்தி இப்படித்தான் சொல்லுவா" என்றார். "'பத்மா குடுத்ததை மொதல்ல காட்டுங்க. காலேஜ்ல அவதான் எங்களுக்கெல்லாம் ஃபர்ஸ்ட்டு. அவளுக்குத் தெரியாதது எனக்குத் தெரியாது'ன்னு சொல்லுவா. எல்லார்கிட்டயும் சொல்லுவாளே, உனக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது. ஒரு பையைத் திறக்கவைப்பதற்காக அந்த முதலிடத்தை எத்தனை பேரிடம் அவள் எனக்குத் தூக்கிக் கொடுத்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது.

"இல்லம்மா. அவதான் ஃபர்ஸ்ட்டு" என்றேன். அதை நான் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. சொல்லிவிட்டு மாத்திரைகளைப் பிரிக்க உட்கார்ந்தேன். வீராயி பார்க்காமல் போன என் கடைசி மருந்தும் அவள் கொடுத்ததில் ஒன்றும் சேர்ந்து இருக்கக் கூடாதவை, என்னுடையதை நிறுத்தினேன்.

வீராயியிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அப்படிக் கேட்கிற விதம். அதை விடமாட்டேன். பொறாமையும் அப்படியே மிஞ்சியிருக்கிறது. எந்தச் சந்தேகம் வந்தாலும் ஓடிப்போய்க் கேட்க எதிரே ஒருத்தி இருந்தாள். இந்தப் பொறாமையை மட்டும் இனி யாருடைய தட்டில் கொட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை.